கிராமமா, தாலுகாவா, மாவட்டமா? மாநில எல்லைச் சண்டைகளைப் புரிந்துகொள்ள ஒரு தொடக்கம்

சென்னையிலிருந்து திருப்பதிக்குப் போகும் ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், அரக்கோணம் தாண்டியதும் தூங்கிவிடாமல் வெளியே பாருங்கள். திருத்தணி வரும், மலைமேல் முருகன் கோயில் தெரியும். அதற்கடுத்து பொன்பாடி. அதற்கும் அடுத்த நிலையத்தின் பெயர்ப்பலகை நீண்டுகொண்டே போகும்: வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை. அங்கே எல்லை வந்துவிடும், இனி ஆந்திரம். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற நிலம் மாறுவதில்லை. அதே மாந்தோப்புகள், அதே பாறைக் குன்றுகள். நகரியில் ஏறுகிறவர்கள் ஒரு வாக்கியத்தைத் தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடிப்பார்கள்.

1960 ஏப்ரல் 1-க்கு முன்னால் இதே ரயிலில் போயிருந்தால், திருத்தணியே ஆந்திரத்துக்குள் இருந்திருக்கும். 1953 அக்டோபர் 1-க்கும் முன்னால் போயிருந்தால் இந்த எல்லையே கிடையாது. இரண்டு பக்கமும் சென்னை மாநிலம்தான். ஆக, ஏழு ஆண்டுகூட நிறைவதற்குள் திருத்தணிக்காரர் ஒருவர் வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காமலே இரண்டு முறை மாநிலம் மாறியிருக்கிறார். அங்கே பேசும் மொழி அதற்குள் மாறிவிடவில்லை. குடியிருந்தவர்களும் அவர்களேதான். பிறகு எது மாறியது?

எண்ணும் முறை மாறியது. மாநில எல்லைத் தகராறுகளில் பாதிக்கு மேல் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் போதும் என்பது என் எண்ணம். அதனால் இதை முதலில் நிதானமாகப் பார்ப்போம்.

ஒரே கணக்கு, மூன்று விடைகள்

ஒரு கற்பனைத் தாலுகாவை எடுத்துக்கொள்வோம். நடுவில் ஒரு டவுன், அதைச் சுற்றி ஐந்து கிராமங்கள். டவுனில் 12,000 பேர். அவர்களில் 9,500 பேர் தெலுங்கு, 2,500 பேர் தமிழ். கிராமங்கள் ஒவ்வொன்றிலும் 2,000 பேர்; அதில் 1,600 பேர் தமிழ், 400 பேர் தெலுங்கு. எந்த மொழிக்காரர் அதிகமோ அந்த மொழியின் மாநிலத்துக்கு அந்தப் பகுதி போக வேண்டும் என்று இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டுவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தாலுகாவை ஒரே அலகாக எடுத்துக் கூட்டுங்கள். மொத்தம் 22,000 பேரில் தெலுங்கு 11,500, தமிழ் 10,500. முழுத் தாலுகாவும் ஆந்திரத்துக்கு.

கிராமத்தை அலகாக எடுங்கள். ஐந்து கிராமங்களிலும் தமிழ்தான் மிகுதி. அவை தமிழ்நாட்டுக்கு, டவுன் மட்டும் ஆந்திரத்துக்கு.

இப்போது இன்னும் பெரிதாக, மாவட்டத்தை அலகாக எடுங்கள். இந்தத் தாலுகா இருக்கிற மாவட்டத்தில் ஒட்டுமொத்தமாகத் தமிழர்கள் அதிகம் என்றால், தெலுங்கர் நிறைந்த டவுனும் சேர்ந்து தமிழ்நாட்டுக்கே வந்துவிடும்.

ஒரு தலைகூடக் கூடவில்லை, குறையவில்லை. யாரும் கணக்கில் தில்லுமுல்லு செய்யவில்லை. அலகு மாறினால் விடை மாறுகிறது, அவ்வளவுதான். ஆகவே எல்லைத் தகராறில் ஒரு தரப்பு 'கிராமம்தான் அடிப்படை' என்றும் மறு தரப்பு 'தாலுகாதான் அடிப்படை' என்றும் பிடிவாதம் பிடித்தால், அவரவர் வீட்டில் ஏற்கெனவே கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

திருத்தணி எப்படிப் போனது, எப்படி வந்தது

பொட்டி ஸ்ரீராமுலு தெலுங்கர்களுக்குத் தனி மாநிலம் கேட்டுச் சென்னையில் 58 நாள் உண்ணாவிரதம் இருந்து 1952 டிசம்பர் 15 அன்று உயிர்விட்டார். நான்கே நாளில் பிரதமர் நேரு ஆந்திர மாநிலம் அமையும் என்று அறிவித்தார். அடுத்த அக்டோபரில் மாநிலம் பிறந்தது. சென்னை நகரம் யாருக்கு என்ற சண்டைதான் அன்றைக்குப் பெரிதாகக் கேட்டது. 'தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்' என்று ம.பொ.சி.யும் அவருடைய தமிழரசுக் கழகமும் முழங்கிய காலம் அது. அந்தச் சத்தத்துக்கு நடுவே வடக்கே ஒரு முடிவு நடந்துவிட்டது. சித்தூர் மாவட்டம் முழுதாக, ஒரு துண்டுகூடக் கிள்ளாமல், ஆந்திரத்துக்குப் போனது.

மாவட்டமாகக் கூட்டினால் சித்தூரில் தெலுங்குதான் பெரும்பான்மை. ஆனால் அந்த மாவட்டமே 1911-இல் வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் தாலுகாக்களையும் ஜமீன்களையும் எடுத்து ஒட்டிய மாவட்டம். வரி வசூலுக்கும் நிர்வாகத்துக்கும் வசதியாக வெள்ளைக்காரர்கள் போட்ட கோடு, நாற்பது ஆண்டு கழித்து ஒரு மொழியின் எல்லையாக மாறி நின்றது. தெற்கு ஓரத்தில் தமிழர் மிகுந்திருந்த திருத்தணியும் அந்தக் கோட்டுக்குள் மாட்டிக்கொண்டது.

இதில் எனக்கு இன்னும் உறுத்துகிற ஒன்று உண்டு. ஆந்திர மாநிலத்தை உருவாக்கிய அதே 1953 சட்டம் பெல்லாரி மாவட்டத்தை அப்படி முழுதாகத் தூக்கிக் கொடுக்கவில்லை. அங்கே தாலுகா தாலுகாவாகப் பார்த்து, ஆதோனி, ஆலூர், ராயதுர்க்கம் மூன்றையும் ஆந்திரத்துக்கும், மற்றவற்றை மைசூருக்கும் (இன்றைய கர்நாடகம்) பிரித்தார்கள். பெல்லாரி தாலுகா யாருக்கு என்று தீர்க்கத் தனியாக ஒரு நீதிபதியையே அனுப்பி விசாரித்தார்கள். ஒரே சட்டம், ஓரிடத்தில் தாலுகாக் கணக்கு, இன்னோரிடத்தில் மாவட்டக் கணக்கு. திருத்தணிக்காரர்களின் கோபத்துக்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

வடக்கெல்லைப் போராட்டம் என்று சொல்கிறோமே, அது இந்தக் கோபத்திலிருந்து வளர்ந்தது. ம.பொ.சி. வெளியிலிருந்து வந்து தலைமை தாங்கினார் என்பது பலருக்குத் தெரியும். உள்ளூரில் வேர் பிடிக்கச் செய்தவர்கள் மங்கலங்கிழாரும் விநாயகமும். மங்கலங்கிழார் தமிழாசிரியர், அந்தப் பக்கத்து ஊர்களில் தமிழ் சொல்லிக் கொடுத்துக்கொண்டே எல்லைக்கும் ஆள் சேர்த்தவர். 'வடவேங்கடம் தென்குமரி' என்ற பழைய எல்லையைச் சொல்லித் திருப்பதியையும் கேட்டார்கள். பழம்பாட்டு உணர்வைத் திரட்டும், ஊரைக் கூட்டும். ஆனால் நடுவராக உட்காருகிறவர் முன்னால் தலைக்கணக்கைத்தான் வைத்தாக வேண்டியிருந்தது.

அந்த நடுவர்தான் ஹெச்.வி. படாஸ்கர். முதலில் மத்திய அமைச்சர், பிறகு மத்தியப் பிரதேச ஆளுநர். அவர் எடுத்துக்கொண்ட விதிகள் மிக எளியவை: கிராமமே அலகு, அங்கே பெரும்பான்மையினர் பேசும் மொழி எதுவோ அது, அந்தக் கிராமம் சேரப்போகும் மாநிலத்தோடு நிலம் விட்டுப்போகாமல் ஒட்டியிருக்க வேண்டும். இந்த மூன்றையும் வைத்துக் கணக்குப் போட்டதும் விடை புரண்டுவிட்டது. திருத்தணி தாலுகாவின் பெரும்பகுதியும், சித்தூர், புத்தூர் தாலுகாக்களின் சில கிராமங்களும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. அதே விதிப்படி, பொன்னேரி, திருவள்ளூர் பக்கத்தில் தெலுங்கு மிகுந்த கிராமங்களை நாம் கொடுக்க வேண்டியிருந்தது. அவற்றைக் கொண்டு சத்தியவேடு என்று புதிய தாலுகா ஒன்றை ஆந்திரம் அமைத்தது. நாடாளுமன்றம் 1959-இல் சட்டம் போட்டு, 1960 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. திருப்பதி வரவில்லை, அந்த விதியில் வருவதற்கு வழியும் இல்லை.

'ஒட்டியிருக்க வேண்டும்' என்றால் என்ன?

படாஸ்கரின் மூன்றாவது விதி சாதாரணமாகத் தோன்றும். அதன் பலத்தைப் பார்க்கப் பஞ்சாபுக்குப் போக வேண்டும்.

1966 நவம்பர் 1-இல் பஞ்சாபிலிருந்து ஹரியானா பிரிந்தது. சண்டிகர் யாருக்கு என்று முடிவாகாமல், இரண்டு மாநிலத்துக்கும் பொதுத் தலைநகராக, மத்திய அரசின் கையில் நின்றது. 1985 ஜூலையில் ராஜீவ் காந்தியும் அகாலி தளத் தலைவர் லோங்கோவாலும் உடன்பாடு செய்தார்கள். சண்டிகர் பஞ்சாபுக்கு; பதிலுக்குப் பஞ்சாபில் இந்தி பேசும் பகுதிகள் ஹரியானாவுக்கு. அபோஹர், ஃபாசில்கா என்ற இரண்டு ஊர்களையும் அவற்றைச் சுற்றிய கிராமங்களையும் ஹரியானா கேட்டது. நீதிபதி மேத்யூ ஆணையம் விசாரித்தது. விதி இங்கேயும் அதேதான்: கிராமம் அலகு, மொழி, நிலத்தொடர்ச்சி.

அபோஹர் - ஃபாசில்கா பகுதியில் இந்தி பேசுவோர் இருந்தார்கள். ஆனால் அந்தப் பகுதிக்கும் ஹரியானாவுக்கும் நடுவில் ஒரு கிராமம் குறுக்கே கிடந்தது. அதன் பெயர் கந்துகேரா. அந்தக் கிராமம் இந்தி பேசினால் வழி திறக்கும். பஞ்சாபி பேசினால் அடைபடும். 1986 ஜனவரியில் அந்த ஒரே ஒரு கிராமத்தில் வீடு வீடாகப் போய், 'உன் தாய்மொழி என்ன?' என்று கேட்டு மொழிக் கணக்கெடுப்பு நடந்தது. ஒரு மாநிலத் தலைநகரின் தலைவிதி அந்தச் சிறு கிராமத்து வாசல்களில் நின்றது. பெரும்பான்மையினர் பஞ்சாபி என்றார்கள். தொடர்ச்சி அறுந்தது. அபோஹரும் ஃபாசில்காவும் கைமாறவில்லை. ஜனவரி 26-இல் கைமாற வேண்டிய சண்டிகரும் மாறவில்லை. இன்றைக்கும் அது ஒன்றியப் பகுதிதான்.

மேலே சொன்ன கற்பனைத் தாலுகாவுக்கே திரும்பி வந்து பாருங்கள். ஐந்து கிராமங்களும் டவுனைச் சுற்றியிருந்தால், டவுன் ஆந்திரத்துக்குப் போக வழி ஏது? விதியைக் கறாராகப் பிடித்தால் டவுனும் தமிழ்நாட்டுக்கு வந்துவிடும். இந்த விதியைப் பார்க்காத எல்லைகளும் நம் பக்கத்திலேயே உண்டு. காரைக்காலும் மாஹேயும் ஏனாமும் எங்கோ எங்கோ கிடந்தாலும் புதுச்சேரியோடு ஒரே ஆட்சியில் இருக்கின்றன. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட இடம் என்ற ஒரே காரணம்.

யாரை எண்ணுவது?

அலகு முடிவானாலும் பிரச்சினை தீராது. எண்ணப்படுகிறவர் 'அந்த ஊர்க்காரர்'தானா என்ற கேள்வி வரும். இதில் தமிழர்களுக்கு நேரடியான காயம் தேவிகுளம், பீர்மேடு.

1953 டிசம்பரில் மத்திய அரசு அமைத்த மாநிலச் சீரமைப்பு ஆணையத்தில் மூன்று பேர்: ஃபசல் அலி, ஹிருதயநாத் குன்சுரு, கே.எம். பணிக்கர். திருவிதாங்கூரில் இருந்த தமிழ்ப் பகுதிகளைத் தாய்த் தமிழகத்தோடு சேர்க்கக் கோரி மார்ஷல் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடிக்கொண்டிருந்தது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் பலர் செத்தார்கள். அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஆணையம் அறிக்கை கொடுத்தது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவை தமிழ்நாட்டுப் பக்கம். தேவிகுளமும் பீர்மேடும் கேரளப் பக்கம். 1956 நவம்பர் 1-இல் முதல் நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாக நம்மோடு சேர்ந்தன. செங்கோட்டையின் பெரும்பகுதி திருநெல்வேலியோடு சேர்ந்தது.

தேவிகுளத்தில் தமிழர்கள் அதிகம் என்பது ஆணையத்துக்குத் தெரியாததல்ல. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் தேயிலை, ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்கு வந்தவர்கள், நிலையாக இருப்பவர்கள் அல்ல என்ற வாதம் ஏற்கப்பட்டது. அந்த மலைகளின் தோட்டங்களும் தண்ணீரும் மின்சாரமும் கேரளத்துக்கு வேண்டும் என்ற காரணமும் சேர்ந்தது. தமிழ்த் தரப்பிலிருந்து பார்த்தால், காட்டை வெட்டித் தோட்டமாக்கி, லயத்து வீட்டில் பிள்ளை பெற்று, அங்கேயே மண்ணுக்குள் போனவர்களை 'வந்து போகிறவர்கள்' என்று கணக்கிலிருந்து தள்ளிவிட்டார்கள். இதை நான் அநியாயம் என்றே கருதுகிறேன். ஒருவர் ஓர் ஊரில் எத்தனை தலைமுறை இருந்தால் அந்த ஊர்க்காரர் ஆவார் என்பதற்கு எந்த விதியும் எழுதி வைக்கப்படவில்லை.

கேரளத் தரப்பு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். மொழி ஒன்றையே பார்த்து மலை உச்சியை ஒரு மாநிலத்துக்கும் அடிவாரத்தை இன்னொரு மாநிலத்துக்கும் கொடுத்தால், ஆற்றின் தலை ஒருவர் கையிலும் வால் ஒருவர் கையிலும் சிக்கும். நடந்தது என்னவோ கோடு எப்படிப் போட்டாலும் தப்ப முடியாத சிக்கல்தான். 1895-இல் கட்டி முடித்த முல்லைப்பெரியாறு அணை நிற்கும் நிலம் பீர்மேடு பக்கம், அதாவது கேரளத்தில். அணையை இயக்குவது தமிழ்நாடு. அந்தத் தண்ணீர் குகை வழியாக மலையைத் தாண்டித் தேனிக்கும் மதுரைக்கும் வருகிறது. அணை பற்றிய வழக்குகளைப் படிக்கிறவர்கள் 1956-இன் கோட்டையும் மனதில் வைத்துப் படித்தால் பாதி விளங்கும்.

தாய்மொழிக் கணக்கும் எப்போதும் சுத்தமாக இருப்பதில்லை. 1951 கணக்கெடுப்பில் பஞ்சாபில் இந்திக்கும் பஞ்சாபிக்கும் தனித்தனி எண்ணிக்கை போடவே முடியவில்லை. வீட்டில் பஞ்சாபி பேசுகிறவர்களில் பலரும் அரசியல் காரணமாக இந்தி என்று எழுதச் சொன்னதால், எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பதிய வேண்டியதாயிற்று. எல்லை நெருங்க நெருங்க, 'உன் மொழி என்ன?' என்ற கேள்வி 'நீ எந்தப் பக்கம்?' என்ற கேள்வியாகிவிடும்.

முடியாமல் கிடக்கும் வழக்கு

பெலகாவி, மராத்தியர்களுக்கு பெல்காம். பழைய பம்பாய் மாநிலத்தில் இருந்த மாவட்டம், 1956-இல் மைசூருக்குப் போனது. மராத்தி பேசுவோர் திரளாக வாழும் நகரம் தங்களுக்கே சேர வேண்டும் என்று மகாராஷ்டிரம் விடாமல் கேட்டது. 1966-இல் முன்னாள் தலைமை நீதிபதி மெஹர் சந்த் மகாஜன் தலைமையில் ஆணையம் அமைந்தது. அடுத்த ஆண்டே அறிக்கை: 264 கிராமங்கள் மகாராஷ்டிரத்துக்கு, பெல்காம் நகரமும் 247 கிராமங்களும் கர்நாடகத்திலேயே. ஆணையம் கேட்ட மகாராஷ்டிரமே அறிக்கையை நிராகரித்தது. அவர்கள் இன்றுவரை கேட்பது படாஸ்கர் வழியை: கிராமத்தை அலகாக வைத்துப் பாருங்கள் என்று. கர்நாடகமோ மகாஜன் அறிக்கைதான் கடைசி வார்த்தை என்கிறது. திருத்தணியில் ஏற்ற விதி எங்களுக்கு ஏன் இல்லை என்பதுதான் இதில் மகாராஷ்டிரத்தின் வலுவான வாதம். 2004-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். இதற்கிடையில் கர்நாடகம் பெலகாவியிலேயே சட்டமன்றத்துக்கு ஒரு பெரிய மாளிகை கட்டி 2012-இல் திறந்துவிட்டது. வழக்கு நடக்கும்போதே நிலத்தில் கல்லை ஊன்றிவிடுவது எல்லைத் தகராறுகளில் பழைய பழக்கம்.

எல்லாத் தகராறும் மொழியால் வருவதுமில்லை. அசாமுக்கும் மிசோரமுக்கும் இடையில் சண்டை, எந்தக் காகிதம் செல்லும் என்பதில். வெள்ளையர் காலத்து 1875 அறிவிக்கை காட்டும் காட்டு எல்லையை மிசோரம் பிடித்துக்கொண்டிருக்கிறது. 1933 எல்லையை அசாம். 1933-இல் எங்களைக் கேட்கவே இல்லை என்கிறார்கள் மிசோக்கள். 2021 ஜூலை 26-இல் இரண்டு மாநிலப் போலீசும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டு, அசாம் போலீசார் இறந்தார்கள். ஒரே நாட்டின் இரண்டு காவல்துறைகள்.

கடைசியில் கோடு போடுவது யார்?

அரசியல் சட்டத்தின் 3-ஆம் பிரிவு அந்த அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குக் கொடுத்திருக்கிறது. மாநில எல்லையைக் கூட்டலாம், குறைக்கலாம், மாநிலத்தையே பிரிக்கலாம், பெயர் மாற்றலாம். சம்பந்தப்பட்ட சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும். அதன் சம்மதம் தேவையில்லை. சாதாரணப் பெரும்பான்மை போதும். ஆணையங்கள் சொல்வது பரிந்துரை; படாஸ்கர் சொன்னதும் நாடாளுமன்றம் சட்டமாக்கிய பிறகுதான் செல்லுபடியானது. மாநிலத்துக்கு மாநிலம் வழக்கு என்றால் 131-ஆம் பிரிவின்படி நேராக உச்ச நீதிமன்றம் போகலாம். பெலகாவி அப்படித்தான் போயிருக்கிறது.

நிலத்தில் வாழ்கிறவர்களிடம் நேராக வாக்கெடுப்பு நடத்து என்று இந்தச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. கந்துகேராவில் வீட்டு வாசலுக்கு வந்து கேட்டதுகூட தாய்மொழியைத்தான். எந்த மாநிலம் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

ஆந்திரத்துக்கும் ஒடிசாவுக்கும் நடுவில் கோட்டியா என்ற மலைப் பகுதி இருக்கிறது. 21 கிராமங்கள், பழங்குடி மக்கள். இரண்டு மாநிலமும் தன்னுடையது என்கின்றன. இரண்டும் அங்கே தேர்தல் நடத்தியிருக்கின்றன. ஒரே வீட்டில் இரண்டு மாநில ரேஷன் அட்டையும் இருக்கும். அவர்களுக்கு இது சௌகரியம் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உடம்புக்கு முடியாமல் போனால் எந்த மாநிலத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது, நிலத்துக்குப் பட்டா எந்த தாசில்தாரிடம் கேட்பது என்று தெரியாமல் வாழ்வதில் என்ன சௌகரியம்?

எந்தக் கோடு போட்டாலும் சிலர் அந்தப் பக்கம் மிஞ்சுவார்கள். நம் கற்பனைத் தாலுகாவில் கிராம அளவிலேயே பிரித்தாலும், ஒவ்வொரு கிராமத்திலும் 400 தெலுங்கர்கள், டவுனில் 2,500 தமிழர்கள். சீரமைப்பு ஆணையத்துக்கு இது தெரிந்திருந்தது. அதனால்தான் 1956-இல் ஏழாவது திருத்தமாக 350-அ பிரிவு அரசியல் சட்டத்தில் ஏறியது: மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியாவது தாய்மொழியில் கிடைக்க மாநிலங்கள் வழி செய்ய வேண்டும். எல்லைக்காக ரயிலை மறித்தவர்களுக்குச் சிலை வைக்கிறோம், சரிதான். இந்தப் பிரிவுக்காக யாரும் அவ்வளவு மல்லுக்கட்டியதில்லை. ஜூன் மாதம் பிறந்தால், பொன்பாடிக்கு அந்தப் பக்கம் தமிழ் வாத்தியார் இருக்கிற பள்ளி எது என்று தமிழ் வீட்டார் விசாரிக்கிறார்கள். இந்தப் பக்கம் தெலுங்கு வாத்தியார் இருக்கிற பள்ளி எது என்று தெலுங்கு வீட்டார் விசாரிக்கிறார்கள்.